வெள்ளம் திரும்பிவிட்டது, சொறி வரலாம்

"இந்தப் பொண்ண கடல் தண்ணி பக்கம் போடுங்க. மீன்காரங்க வீட்டுப் பொண்ணுதானே, நாத்தம் பழகியிருக்கும். கன்ட்ரோல் ரூமெல்லாம் அதுக்குச் சரிப்படாது."

பயிற்சி வகுப்பு முடிந்து எங்களைப் பிரித்து அனுப்பிய அன்று ஆபரேஷன் மேனேஜர் இப்படிச் சொன்னார். ரகசியமாகச் சொல்லவில்லை. கையில் ஃபைலோடு இரண்டு அடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன். பட்டியலில் என் பெயருக்கு நேராக 'கடல் நீர் பம்ப் ஹவுஸ்' என்று எழுதினார்கள். என்னோடு சேர்ந்த ஆண்கள் எல்லாரும் பாய்லருக்கும் டர்பைனுக்கும் போனார்கள்.

இந்த வருடம் நிலையத்தில் சேர்ந்திருக்கும் உங்களையும் இதற்குள் பிரித்திருப்பார்கள். சிலருக்கு நினைத்த இடம் கிடைத்திருக்கும். சிலர் பம்ப் ஹவுஸின் இரைச்சலில் உட்கார்ந்து இதைப் படிப்பீர்கள். நான் ஓய்வு பெற்றவள் இல்லை, தலையில் ஒரு நரை கூட இல்லை. ஆனாலும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு கதை இருக்கிறது. முக்கால்வாசி அந்த பம்ப் ஹவுஸில் நடந்தது.

எனக்கு ஊர் புதுச்சேரி குருசுக்குப்பம். அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். அம்மா டவுன் மார்க்கெட்டில் மீன் விற்பவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். என் முதல் ரேங்க் கார்டை அப்பா தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு "நல்லாருக்கு" என்றார். கரண்ட் போனால் எங்கள் தெருவில் சொல்தா வீடு ஒன்றில் மட்டும்தான் விளக்கு எரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். அவர் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. அந்த வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்துத்தான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினேன். கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்ற வெறி அப்போது பிடித்தது. பி.இ. முடித்தேன், தேர்வெழுதினேன், டவுனுக்குத் தெற்கே கடற்கரையில் நிற்கும் நம் நிலையத்துக்கு வந்துவிட்டேன்.

வரவேற்பறைச் சுவரில் நிலையத்தின் வரலாறு என்று வரிசையாகப் படங்கள் மாட்டியிருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். சவுக்குத் தோப்பை வெட்டிய இடம், எழும்பும் புகைபோக்கி, முதல் நிலக்கரிக் கப்பல், மாலையும் கையுமாகப் பெரிய மனிதர்கள். கடல் தண்ணீர் உள்ளே வரும் இடத்தின் படம் ஒன்று கூட இல்லை. நிலக்கரி எரிந்து, ஆவி வந்து, டர்பைன் சுற்றுகிறது. சுற்றிவிட்டு வரும் ஆவியைக் குளிரவைத்துத் திரும்பத் தண்ணீராக்கிவிட்டு, சூடாகி வாய்க்கால் வழியே கடலுக்கே போவது கடல் நீர். அது ஐந்து நிமிடம் நின்றால் யூனிட், அதாவது ஒரு பாய்லரும் டர்பைனும் சேர்ந்த தொகுதி, டிரிப் ஆகும்; தானாக ஓட்டம் நின்று விழுந்துவிடும். இது உங்களுக்குப் பாடத்திலேயே வந்திருக்கும். ஆனால் அந்தத் தண்ணீருக்குள் என்ன வருகிறது என்பது பாடத்தில் வராது.

பம்ப் ஹவுஸில் எனக்கு முன்பே பன்னிரண்டு வருடம் வேலை பார்த்த ஒப்பந்தத் தொழிலாளி மணி அண்ணன். அவரும் ஆறு பேரும், கடல் தண்ணீர் உள்ளே வரும் வாயில் இருக்கும் சல்லடையில் சிக்குவதை வாரிக் கொட்டுவார்கள். பாசி, பிளாஸ்டிக் பை, கிழிந்த வலை, ஒற்றைச் செருப்பு. "ஜோடி ஒரு நாளும் வந்ததில்லம்மா" என்பார் மணி அண்ணன். "வந்தா எனக்கு வெச்சுக்கலாம்னு பாக்கறேன்."

அங்கே ஒன்றரை வருடம் ஓடியிருந்தது. இரண்டு வருடம் முடிந்தால் கன்ட்ரோல் ரூமில் டெஸ்க் பயிற்சிக்கு எடுக்க வேண்டும் என்பது விதி. எனக்கு அது ஒன்றுதான் குறி. யூனிட்டை ஓட்டும் அந்த நாற்காலியில் ஒரு நாள் தனியாக உட்கார வேண்டும். மேனேஜர் சொன்ன வார்த்தை வேறு தினம் ஒரு முறையாவது காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன்.

ஐப்பசி மாதம், காலை ஷிஃப்ட். மதியம் அப்பா போன் செய்தார்.

"பாப்பா, வெள்ளம் திரும்பிடுச்சு. வன்னி எடுத்துக்கிச்சு. வல பூரா சொறி. கை வெக்க முடில."

எங்கள் வீட்டில் இது சாதாரணப் பேச்சு. கடலில் நீரோட்டத்தை நாங்கள் வெள்ளம் என்போம். வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி. குருசுக்குப்பத்துக்கு நேராக சொறி மிதக்கிறது, ஓட்டம் தெற்கே பார்த்து இழுக்கிறது என்றால் நம் வாசலுக்கு வந்தே தீரும். எனக்கு உடனே புரிந்தது. இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடியும்போது ஒப்படைப்புக் குறிப்பில், அழகான கையெழுத்தில், இரண்டு வரி எழுதினேன்.

"வெள்ளம் திரும்பிவிட்டது. சொறி வரலாம். கவனம்."

நல்ல காரியம் செய்த நிம்மதியோடு பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை என் மேசை மேல் சொறிக்குப் போடும் பவுடர் டப்பா ஒன்று இருந்தது. யார் வைத்தார்கள் என்று இன்று வரை தெரியாது. நடந்ததை அன்வர் சொன்னான். அவன் என்னோடு சேர்ந்தவன், டவுன் பையன், டர்பைன் பக்கம் போனவர்களில் ஒருத்தன்.

"நீ எழுதினத படிச்சிட்டு ரெண்டு பேர மழைநீர் வாய்க்காலுக்கு அனுப்பினாங்க செல்வி. இன்னும் ரெண்டு பேரு நிலக்கரி யார்டுல பம்பு ஓடுதான்னு பாக்கப் போனாங்க. வானத்துல ஒரு மேகம் இல்ல. வெள்ளம் எங்கடா, வெள்ளம் எங்கடான்னு தேடறாங்க."

"சொறிக்கு என்ன பண்ணாங்க?"

"பாவம், அந்தப் பொண்ணுக்கு உப்புத் தண்ணி ஒத்துக்கல, அலர்ஜி போலன்னு பேசிக்கிட்டாங்க."

எல்லாரும் வெள்ளத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது சல்லடைப் பக்கம் ஒருவரும் போகவில்லை. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு சொறி வந்தது. கண்ணாடிக் களி போல் சல்லடை முழுக்க அப்பிக்கொண்டது. தண்ணீர் நின்றது. ஒன்றாம் யூனிட் டிரிப்.

மேனேஜர் அறையில் விசாரணை.

"வெள்ளம்னா என்னம்மா?"

"நீரோட்டம் சார்."

"சொறின்னா?"

"கடல்ல மெதக்கும் சார். கண்ணாடி மாதிரி இருக்கும். தொட்டா அரிக்கும்."

"ஜெல்லி ஃபிஷ்."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஜெல்லி ஃபிஷ் என்று பாடப் புத்தகத்தில் படித்ததை ஏதோ வேறு நாட்டுப் பிராணி என்றே நினைத்திருந்தேன். நான் பிறந்ததிலிருந்து பார்த்த சொறியும் அதுவும் ஒன்று என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த வார்த்தை தெரியாது.

"நான் எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

"இல்லதான். ஒரு எழுத்து தப்பில்ல. யாருக்கு உபயோகம்?"

அவரைப் பிடிக்காதவள் நான். ஆனாலும் அந்தக் கேள்வியை அவரிடமிருந்துதான் வாங்கிக்கொண்டேன். நான் சரியாக இருந்தேன், என் யூனிட் விழுந்தது, இரண்டும் உண்மை. நீங்கள் குறிப்பு எழுதும்போது அடுத்து வந்து படிக்கப்போகிறவரின் முகத்தை நினைத்து எழுதுங்கள். அவருக்கு உங்கள் வீட்டுப் பேச்சு தெரியாது.

டெஸ்க் பயிற்சியை ஒரு வருடம் தள்ளிப் போட்டார்கள்.

அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன். அது ஒரு நாள்தான். அடுத்த வாரம் நிர்வாகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உள்ள பதிவேட்டு அறைக்குச் சாவி கேட்டேன். நிலையம் முதல் முதலில் மின்சாரம் கொடுத்த நாளிலிருந்து எல்லா ஷிஃப்ட் பதிவேடும் அங்கே இருக்கிறது. வார விடுமுறையில் போய் உட்கார்ந்தேன். கடல் நீர் தடைப்பட்டு யூனிட் குறைந்த, விழுந்த ஒவ்வொரு இடத்தையும் எடுத்து எழுதினேன். 'குப்பை', 'கடல் சீற்றம்', 'பாசி', 'காரணம் தெரியவில்லை'. ஒவ்வொரு ஷிஃப்டும் ஒரு காரணம் எழுதியிருந்தது. நம் நிலையத்தின் உண்மையான வரலாறு அந்த அறையில்தான் இருக்கிறது. மாலை போட்ட படங்களை விட எனக்கு அது பிடித்திருந்தது. எத்தனை பேர் எத்தனை முறை தெரியாமல் திண்டாடினார்கள் என்பதை அவர்களே கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு அப்பாவிடம் உட்கார்ந்தேன். அவருக்குத் தேதி தெரியாது. நான் தேதியைச் சொல்லி, அது எந்த மாசம், என்ன விசேஷத்துக்கு முன்னே பின்னே என்று சொன்னால் அவருக்கு எல்லாம் வந்துவிடும்.

"மாசி மகத்துக்கு முந்தின வாரம்ப்பா. தம்பி பொறந்த வருஷம்."

"அது சொறி இல்ல பாப்பா. அப்ப தெண்டி." தெண்டி என்றால் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம். "ஆத்து வாயிலேர்ந்து ஆகாயத்தாமரை அடிச்சிக்கினு வந்துது. படகு எறக்க முடில."

"அதே வருஷம் ஐப்பசி?"

"அது சொறி. நெறைய. உங்க அம்மா கூட அன்னிக்கு மார்க்கெட்டு போவல."

திருப்பிப் பார்த்தேன். பதிவேட்டில் முதலாவது 'பாசி'. இரண்டாவது 'காரணம் தெரியவில்லை'. பதினெட்டு இடங்களைக் கேட்டேன். அப்பா பதினொன்றுக்குச் சட்டென்று காரணம் சொன்னார், நாலுக்கு யோசித்துச் சொன்னார், மூன்றுக்குத் தெரியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால்தான் மற்றதை நம்பினேன்.

கடைசியில் அவர் ஒன்று கேட்டார். "உங்க சுடுதண்ணி வாய்க்கால் வந்து உழுற எடத்துல மீன் ஒதுங்கறதில்ல. அத எழுதி வெச்சிருக்காங்களா அதுல?"

"இல்லப்பா."

"அப்ப அது பாதி புஸ்தகம்தான்."

அதையும் குறித்துக்கொண்டேன்.

ஒரே ஒரு தாளில் அட்டவணை போட்டேன். இடது பக்கம், மீனவர் சொல்லும் வார்த்தை. நடுவில், அதற்கு நம் பாஷையில் என்ன பொருள். வலது பக்கம், என்ன வரும், எத்தனை மணி நேரத்தில் வரும், என்ன செய்யலாம். பம்ப் ஹவுஸ் கண்ணாடியில் ஒட்டினேன். மேனேஜர் ஒரு நாள் வந்தவர் நின்று முழுவதும் படித்தார்.

"என்னம்மா இது, மீன் மார்க்கெட் அகராதியா?"

"ஆமா சார்."

கிழிக்கச் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. போய்விட்டார். மணி அண்ணனின் ஆட்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். அப்பாவிடம் பம்ப் ஹவுஸ் தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன். கன்ட்ரோல் ரூமுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால், நான் டெஸ்க்குக்குப் போன பிறகும் அவர் அங்கேதான் பேசுவார்.

ஆம், டெஸ்க்குக்குப் போனேன். ஒரு வருடம் தாமதமாக, ஒன்றாம் யூனிட்டுக்கு. அன்வர் எனக்கு முன்பே இரண்டாம் யூனிட் டெஸ்கில் தனியாக உட்கார்ந்துவிட்டான். எனக்குப் பக்கத்தில் ஷிஃப்ட் இன்சார்ஜ் இருப்பார். தனி அனுமதிக்கு மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை அதற்கான நாள் என்று குறித்தார்கள்.

இனி சொல்லப்போவது அந்த வாரத்துப் புதன்கிழமை.

காலை ஒன்பதரை. நல்ல வெயில். மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் மையத்திலிருந்து இரண்டு யூனிட்டும் முழு லோடு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கொடுத்துக்கொண்டிருந்தோம். இன்டர்காமில் மணி அண்ணன்.

"செல்விம்மா, அப்பா போன் பண்ணாரு. சொன்னத அப்படியே எழுதிக்கினேன். படிக்கவா?"

"படிங்கண்ணா."

"வன்னி பலமா ஓடுது. சொறி. விடியக்கால ஊருக்கு நேரா. ரெண்டு வல வுட்டேன். ரெண்டையும் அறுத்து வுட்டுட்டு வந்தேன். அவ்ளோதான்."

முதல் மூன்று விஷயம் எனக்குப் புதிதில்லை. வலையை அறுத்த வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னேன்.

என் முன்னால் இருந்த திரையில் எல்லாம் பச்சை. சல்லடைக்கு முன்னும் பின்னும் தண்ணீர் மட்டம் சமம். பம்ப் சீராக ஓடியது. ஷிஃப்ட் இன்சார்ஜிடம் சொன்னேன். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பார், அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

"இன்ஸ்ட்ருமென்ட் என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல சார். சொல்றப்ப நேரம் இருக்காது. மதியம் வந்துடும், அதுக்கு முன்னாடியே லோடு கொறச்சு, ரெண்டு கடல் தண்ணி பம்புல ஒண்ண நிறுத்திடலாம் சார். இழுக்கற வேகம் பாதியாயிடும். சல்லடைல அப்பாது, வாரிடலாம்."

"முழு லோடு கேட்டிருக்காங்க. நான் என்னன்னு சொல்லிக் கொறைக்கட்டும்? ஒருத்தர் வலை அறுந்துடுச்சுன்னா?"

"அறுந்துடல சார். அறுத்துட்டாரு."

"என்ன வித்தியாசம்?"

"எனக்குத் தெரிஞ்சு எங்கப்பா இதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவதான் வலைய அறுத்திருக்காரு. புயல் வந்தன்னிக்கு, உயிரோட கரைக்கு வர்றதுக்கு. சொறி எவ்ளோ வந்தாலும் இழுத்துட்டு வந்து, கை வீங்க உதறுவாரு. இன்னிக்கு ரெண்டையும் அறுத்திருக்காருன்னா, படகால இழுக்க முடியாத அளவு இருக்கு சார்."

அவர் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துப் பதிவேட்டின் மேல் வைத்தார்.

"உன் யூனிட்டக் கொற. ரெண்டாவது அப்படியே ஓடட்டும். உன் பேர்ல எழுது. ஒண்ணும் வரலன்னா வெள்ளிக்கிழம கையெழுத்து இருக்காது, தெரியும்ல?"

"தெரியும் சார்."

பக்கத்து டெஸ்கிலிருந்து அன்வர் நாற்காலியோடு நகர்ந்து வந்தான். "ஏய் செல்வி, வேணாம். ரெண்டு நாள் பொறுத்துக்க. வெள்ளிக்கிழம கையெழுத்து வாங்கிட்டு அப்புறம் தெனம் கூட கொறச்சுக்க."

"வெள்ளிக்கிழமையா வருது சொறி? இன்னிக்குத்தான் வருது."

பதிவேட்டில் எழுதினேன். இந்த முறை வெள்ளமும் இல்லை, சொறியும் இல்லை. "வடக்கிலிருந்து பெரிய ஜெல்லி ஃபிஷ் கூட்டம். பன்னிரண்டு மணி முதல் இரண்டு மணிக்குள் நம் கடல் நீர் இன்டேக்கை அடையலாம். தகவல்: குருசுக்குப்பம் மீனவர், இன்று விடியற்காலை நேரில் கண்டது. ஒன்றாம் யூனிட்டின் லோடைக் குறைக்கிறேன், ஒரு கடல் நீர் பம்ப் நிறுத்தம், சல்லடைகள் தொடர் ஓட்டம். முடிவு என்னுடையது." கையெழுத்துப் போட்டேன். பதினொன்றரைக்குக் குறைக்கத் தொடங்கினேன்.

பன்னிரண்டு மணி. ஒன்றும் இல்லை.

பன்னிரண்டரை. பங்கீட்டு மையத்திலிருந்து இரண்டாம் முறை கேட்டார்கள். ஷிஃப்ட் இன்சார்ஜ் ஏதோ சொல்லி வைத்தார். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மேனேஜர் உள்ளே வந்தார். அவர் அறைத் திரையிலும் லோடு தெரியும். என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். பதிவேட்டை எடுத்துப் படித்தார். மூடி வைத்தார்.

"எங்கம்மா உன் ஜெல்லி ஃபிஷ்?"

"வரும் சார்."

"வரலன்னா?"

"தப்பு என்னோடது சார். எழுதியிருக்கேன்."

அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றித்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். முடிவெடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை. எடுத்த பிறகு, எல்லாக் கருவியும் உங்களைப் பொய் என்று சொல்லும்போது, பின்னால் ஒருவர் மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கும்போது, அதை மாற்றாமல் உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். என் விரல் லோடு ஏற்றும் பக்கம் இரண்டு முறை போனது. பாதி ஏற்றினால் என்ன, எல்லாருக்கும் சமாதானமாக இருக்குமே என்று தோன்றியது. அப்போது என்னை நானே ஒன்று கேட்டுக்கொண்டேன். காலையில் எனக்குத் தெரிந்ததில் எது மாறியிருக்கிறது? எதுவும் மாறவில்லை. நேரம் போயிருக்கிறது, பயம் கூடியிருக்கிறது. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஒன்று பத்துக்கு இன்டர்காம் அடித்தது.

"வந்துடுச்சும்மா." மணி அண்ணனின் குரலில் மூச்சு வாங்கியது. "தண்ணியே தெரில. சோறு வடிச்ச கஞ்சி மாதிரி வெள்ளையா வருது."

அதன் பிறகு நான் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் யூனிட் சல்லடையின் மட்ட வித்தியாசம் மஞ்சளுக்கு வந்தது, சிவப்புக்குப் போனது. அன்வர் மடமடவென்று லோடை இறக்கினான். நல்ல கை அவனுக்கு. ஆனால் அவனுடைய இரண்டு பம்பும் முழு வேகத்தில் இழுத்துக்கொண்டிருந்தன. சல்லடை அப்பிக்கொண்ட பிறகு பம்பை நிறுத்தியும் பயனில்லை. ஆறு நிமிடத்தில் இரண்டாம் யூனிட் டிரிப். பக்கத்துக் கூடத்தில் டர்பைன் இறங்கும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது.

என் பக்கமும் சிவப்பு வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆவி குளிரும் இடத்தில் வெற்றிடம் குறைந்துகொண்டே வந்து, டிரிப் எல்லைக்கு ஒரு நூல் மேலே நின்றது. இன்னும் கொஞ்சம் லோடை இறக்கினேன். மணி அண்ணனும் ஆறு பேரும் கம்பி வாருகோலால் இழுத்து இழுத்துக் கொட்டினார்கள். தண்ணீர் மெதுவாக வந்ததால் வாரியது கையோடு வந்தது, திரும்ப அப்பவில்லை. பத்து நிமிடம். இருபது நிமிடம். முள் அங்கேயே நின்றது. பிறகு ஒரு புள்ளி ஏறியது. இன்னொரு புள்ளி.

பங்கீட்டு மையத்திலிருந்து போன் வந்தபோது மேனேஜரே எடுத்தார். "ரெண்டாவது போயிடுச்சு. ஒண்ணாவது நிக்குது." என் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "நிக்கும்."

இரண்டாம் யூனிட்டைத் திரும்ப எழுப்ப ஆவி வேண்டும். இரண்டும் விழுந்திருந்தால் அதை முதலிலிருந்து உண்டாக்க வேண்டும், மறுநாள் வரை ஆகும். அன்று அந்த ஆவி என் யூனிட்டிலிருந்து போனது. மாலைக்குள் இரண்டும் ஓடின. நிலையத்தின் பழைய பதிவேடுகளை முழுக்கப் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு பெரிய கூட்டம் வந்து ஒரு யூனிட் விழாமல் நின்றது அதுதான் முதல் முறை. அந்த வரியை எழுதியது என் பேனா.

ஷிஃப்ட் முடிந்து ஒப்படைப்பு எழுதிக்கொண்டிருந்தபோது மேனேஜர் அனுமதிப் படிவத்தைக் கொண்டுவந்தார். "வெள்ளிக்கிழம வரைக்கும் எதுக்கு" என்று சொல்லி மேசையில் வைத்தே கையெழுத்துப் போட்டார். முதல் நாள் சொன்ன வார்த்தைக்கு அவர் வருத்தம் தெரிவிக்கவில்லை. சொன்னது நினைவிருக்கிறதா என்று கூடத் தெரியாது. நானும் கேட்கவில்லை. "அந்தத் தாள இங்கயும் ஒண்ணு ஒட்டிடும்மா" என்றார். அது போதும்.

அன்வர் வெளியே பஸ்ஸுக்குக் காத்திருந்தான். "என் யூனிட்டு விழுந்ததுலதான் உன் யூனிட்டு நின்னது பெருசா தெரிஞ்சுது. பிரியாணி நீதான் வாங்கித் தரணும்."

"காலைல வேணாம்னு சொன்னது யாரு?"

"அப்ப ரெண்டு பிரியாணியா நான் வாங்கறேன்."

வீட்டில் அப்பா மிச்சமிருந்த வலையைப் பிரித்து உட்கார்ந்திருந்தார். யூனிட் நின்றுவிட்டது என்றேன். "நின்னுடுச்சா? ஓடலியா?" என்று பதறினார். வார்த்தை என்னை மறுபடியும் மாட்டிவிட்டது. "ஓடுதுப்பா, விழாம ஓடுது" என்று திருத்திச் சொன்ன பிறகுதான் வலைக்குக் குனிந்தார்.

இப்போது நம் நிலையத்துக்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள குப்பங்களிலிருந்து தகவல் வருவது எழுதப்பட்ட நடைமுறை. வடக்கே தள்ளியிருக்கும் பிள்ளைச்சாவடியிலிருந்து கூட போன் வருகிறது. பதிலுக்கு ஒன்று வேண்டும் என்று நான் நின்றேன். வாங்கிக்கொண்டே இருந்தால் யார் சொல்வார்கள்? பாசி பிடிக்காமல் இருக்கக் குளோரின் விடும் நேரத்தையும், சுடுதண்ணீர் வாய்க்காலில் அதிகமாகத் திறந்துவிடும் நேரத்தையும் இப்போது குப்பங்களுக்கு முன்கூட்டியே சொல்கிறோம், பதிவேட்டிலும் எழுதுகிறோம். அப்பாவிடம் சொன்னேன். "இப்ப முக்கா புஸ்தகம்" என்றார். மீதிக் கால் பங்கு இன்னும் பாக்கி. வாய்க்கால் வந்து விழும் இடத்தில் மீன் இன்னும் ஒதுங்கவில்லை. அது உங்கள் கையில்.

நீங்கள் எங்கிருந்து வந்திருந்தாலும், உங்கள் வீட்டில் பேசும் பேச்சில் இந்த நிலையத்துக்கு வேண்டிய ஏதோ ஒன்று இருக்கும். அதைக் கேட்டு யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். படிப்பவருக்குப் புரிகிற மாதிரி எழுதி, கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். பெயர் போடத் துணிவில்லாத முடிவை எடுக்காதீர்கள்.

அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு ஒன்றாம் யூனிட்டை ஐந்து வருடம் ஓட்டினேன். போன மாதம் விடைபெற்றேன். தெற்கே, இதே கடற்கரையில், கட்டிக்கொண்டிருக்கும் புதிய நிலையத்தை ஓட்டத்துக்குக் கொண்டுவரும் குழுவில் ஷிஃப்ட் இன்சார்ஜாகச் சேர்ந்துவிட்டேன். இங்கே கன்ட்ரோல் ரூமுக்கு இன்னும் கதவு மாட்டவில்லை, நாற்காலிகள் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் கிடக்கின்றன. பாய்லரை முதல் முறை பற்றவைக்கும் ஷிஃப்டை யார் எடுப்பது என்று நேற்று கூட்டத்தில் கேட்டார்கள். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் எழுந்து போய் வெள்ளைப் பலகையில் என் பெயரை எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.